இருளில் சிந்திய கண்ணீர்

சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று எங்கள் சங்கக் கூடத்தில் அட்டசீலம் ஏற்றவர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பர். மாலை உபதேசம் முடிந்து யாவரும் எழுந்திருக்கும் தறுவாயில், பின்வரிசையிலிருந்து ஒரு நங்கை எழுந்து நின்றார். மருத்துவமனையொன்றில் தாதியாகப் பணிபுரிபவர், நன்கு படித்தவர். “ஐயா, எனக்கு ஓர் ஐயம். ஆடல், பாடல், கூத்து முதலியவற்றைக் காண்பதினின்றும் விலகுகிறேன் என்று இன்று காலை ஏழாம் சீலத்தில் எங்களைச் சொல்ல வைத்தீர்கள். ஆனால் ஏதேனும் ஒரு சினிமாப் படத்தைப் பற்றிய பேச்சு வராத பிரசங்கம் தாங்கள் செய்ததுண்டா? எங்களுக்கு ஆகாதது தங்களுக்கு மட்டும் ஆகுமோ?” என்று வினவினார்.

கூடம் முழுவதும் நகைத்தது. நானும் நகைத்துவிட்டேன். ஏதோ சமாதானம் சொல்லி அவரை அமர்த்தினேன். அது விடையன்று என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நகைத்துக் கழித்த வினா இரவில் வந்து காலைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். அவ்வாறே ஆயிற்று. கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லன் நான். பஞ்சாலையில் ரிங் பிரேம் அருகே நின்று, அறுந்த இழையை முறுக்கி ஒட்டிக்கொண்டே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தவன். ஆகவே சாத்திரி போல அன்றி, அறுந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும் தொழிலாளி போலவே இவ்வினாவைக் கையாளத் தெரியும்.

முதலில் நமக்கு இடர் தரும் இடத்தையே சொல்லிவிடுகிறேன். சம்யுத்த நிகாயத்தில் தாலபுடன் என்னும் நாடகக் குழுத் தலைவனின் வரலாறு வருகிறது. அவன் இராஜகிருகத்து வேளுவனத்தில் பகவரை அணுகி, “அரங்கில் மெய்யும் பொய்யும் கலந்து மக்களை மகிழ்விக்கும் நடன், இறந்தபின் சிரிக்கும் தேவர்களிடையே பிறப்பான் என்று எங்கள் முன்னோர் சொல்லியிருக்கின்றனர், தாங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று கேட்டான். இதைக் கேளாதே என்று பகவர் தடுத்தார். அவன் மீண்டும் கேட்டான், மீண்டும் தடுத்தார். மூன்றாம் முறையும் கேட்கவே, மறைக்காமல் சொன்னார். மக்கள் முன்னமே ஆசையாலும் வெகுளியாலும் மயக்கத்தாலும் கட்டுண்டு கிடக்கிறார்கள். அரங்கில் ஏறி அக்கட்டுகளை மேலும் இறுக்குகிறவன் தேவருலகம் செல்வதில்லை, நரகம் செல்கிறான் என்பதே அவ்விடை. தாலபுடன் அழுதான். தங்கள் மொழி கடுமையாயிருந்தமையால் அழவில்லை, இத்தனை காலம் என் ஆசிரியர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்களே என்றுதான் அழுகிறேன் என்றான். பின்னர்த் துறவு பூண்டு அருகத நிலையும் எய்தினான்.

இதைப் படித்தபோதெல்லாம் என் மனம் இக்கதைக்கு ஒரு புறவழி தேடியதுண்டு. அக்காலத்துக் கூத்தைத்தானே சொன்னார், இக்காலத்துப் படத்தையா சொன்னார் என்று எண்ணுவேன். அது கோழைத்தனம். நமது மணிமேகலையும் ஆடற்குலத்தில் பிறந்தவளே. இந்திர விழாவில் மேடையேற வேண்டியவள் மேடையை விட்டுப் பாத்திரத்தைக் கையிலெடுத்தாள். நம் மரபு அரங்கத்தை ஐயத்தோடு பார்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் பகவர் காரணத்தோடு சொன்னார். கட்டு இறுகுகிறதா, தளர்கிறதா என்பதே அவருடைய துலாக்கோல். அந்தக் கோலிலே என் வாழ்வில் மறக்கவொண்ணாத மூன்று படங்களை ஏற்றிப் பார்க்கிறேன்.

முதற்படத்தை நான் கொட்டகையில் பார்க்கவில்லை. மும்பையில் நாங்கள் குடியிருந்த சந்தில், 1983ஆம் ஆண்டு அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி, இரு வீட்டு மாடிகளுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டி ஒரு சிறு எந்திரத்தால் ஓட்டினார்கள். எனக்கு வயது பதினான்கு. 1982 ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தம் அப்போது ஓராண்டைக் கடந்திருந்தது. இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் வெளியே நின்றனர். அவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தறிக்கூடத்தில் இருபது ஆண்டு உழைத்தவர், அன்று தெருவோரத்தில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்.

படம் விமல்ராய் 1953இல் எடுத்த ‘தோ பீகா ஜமீன்’. வங்கத்துக் கணக்கில் இரண்டு பீகா என்பது ஓர் ஏக்கருக்கும் குறைவு. அவ்வளவு நிலமுடைய சம்பு என்னும் உழவன், ஆலை கட்டுவதற்காக அதை விற்கச் சொல்லும் ஜமீன்தாருக்கு இணங்க மறுக்கிறான். அறுபத்தைந்து ரூபாய் என்று அவன் எண்ணியிருந்த கடன், நீதிமன்றத்தில் இருநூற்று முப்பத்தைந்து ஆகிவிடுகிறது. மூன்று திங்கள் தவணை. மகனோடு கல்கத்தா சென்று கைரிக்‌ஷா இழுக்கிறான். பல்ராஜ் சாஹனி அந்த வேடத்துக்காக மெய்யாகவே கல்கத்தா வீதிகளில் ரிக்‌ஷா இழுத்துப் பழகினார் என்பதைப் பின்னாளில் படித்தேன். படத்தில் பயணி ஒருவர் ‘இன்னும் வேகமாக, இன்னும் பணம் தருகிறேன்’ என்று ஏவ, அவன் குதிரையைப் போல ஓடிச் சக்கரம் கழன்று விழுகிற இடத்தில் எங்கள் சந்து முழுதும் மூச்சடங்கி இருந்தது. முடிவில் அவன் ஊர் திரும்பும்போது நிலம் ஏலத்தில் போய், அங்கே ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். காவற்காரன் அதையும் கீழே போடச் செய்கிறான்.

பெண்கள் அழுதார்கள். என் தகப்பனார் அழவில்லை. துணியை அவிழ்க்கும் வரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, என்னைப் பார்த்து, “ஏலே, நம்ம மில்லு யார் வயல்லே நிக்குதோ, யாருக்குத் தெரியும்?” என்றார். அவ்வளவுதான்.

அன்பர்களே, சோற்றுக்கு வழியின்றி, ஆலைக் கதவு திறக்காதா என்று ஓராண்டாக ஏங்கிய மனிதர் அவர். படம் அவருடைய துயரத்தை அவருக்கே காட்டி அழவைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அவர் தம்முடைய துயரை விட்டு, தமக்குச் சோறு போட்ட ஆலைக்கு அடியில் கிடக்கும் வேறொருவன் துயரை அன்று கண்டார். கட்டுத் தளர்ந்தது என்றால் இதுதான் என்று இன்றளவும் கருதுகிறேன். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடிவுற்றதாக எவரும் அறிவித்ததில்லை. தகப்பனாரின் ஆலை அவருக்கு மீண்டும் திறக்கவில்லை. 1989இல் நான் வேறோர் ஆலையில் பத்லியாகச் சேர்ந்தேன். 2001இல் அதுவும் மூடப்பட்டது. இப்போது அவ்விடத்தில் கண்ணாடி மாளிகை நிற்கிறது. ஒருமுறை அதன் வாயிலில் நின்று பார்த்தேன். அள்ளுவதற்கு மண்ணே இல்லை. எங்கும் வழுவழுப்பான கல் பாவியிருக்கிறார்கள்.

இரண்டாம் படத்தைப் பற்றிச் சொல்லுவதற்கு நான் வெட்கப்படவேண்டும். அதனாலேயே சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

அதுவும் விமல்ராய் எடுத்ததே. 1959இல் வந்த ‘சுஜாதா’. என் பதினெட்டாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்டை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் இருபது பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தேன். கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த தீண்டாக்குலத்துக் குழந்தை ஒன்று ஓர் அந்தண எஞ்சினீயர் வீட்டில் வளர்கிறது. பகவருக்குப் பாயசம் படைத்த நங்கையின் பெயரையே அதற்கு இடுகிறார்கள். ‘நற்பிறப்பினள்’ என்பது அதன் பொருள். ஆனால் விருந்தினர் வரும்போதெல்லாம் வளர்ப்புத் தாய், இவள் எங்கள் மகள் என்று சொல்லமாட்டாள். ‘மகள் போன்றவள்’ என்பாள். அந்தப் ‘போன்ற’ என்னும் ஒரு சொல், முள்ளாக அந்தப் பெண்ணின் நெஞ்சில் ஏறுவதை நூதன் என்னும் நடிகை பேசாமல் முகத்தாலேயே காட்டுகிறார். படத்தினிடையே தாகூரின் ‘சண்டாளிகா’ நாடகமும் நடிக்கப்படுகிறது. ஆனந்தர் கிணற்றடியில் தண்ணீர் கேட்பதும், நான் தாழ்ந்த குலத்தவள் என்று அப்பெண் அஞ்சுவதும், குலத்தைக் கேட்கவில்லை, தண்ணீரையே கேட்டேன் என்று அவர் விடை பகர்வதும் நம் அன்பர்கள் அறிந்தவையே.

நான் தேம்பி அழுதேன். எங்கள் குடும்பத்தையே எங்கள் ஊரில் எட்டி நிற்கச் சொன்னவர்கள் உண்டல்லவா? அந்தப் பெண்ணின் கண்ணீரில் என் பாட்டியின் கண்ணீரையும் கண்டேன். அன்றிரவு உண்ணாமலே படுத்தேன். உலகில் என்னைப் போல் இளகிய நெஞ்சினன் இல்லை என்றும் உள்ளூர எண்ணியிருப்பேன்.

மறுநாட் காலையில் எங்கள் சந்தைப் பெருக்கும் பெண் வந்தாள். குஜராத்திலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தினள். அவளை நாங்கள் ‘மாசி’ என்று அழைப்போம். சிற்றன்னை என்பது பொருள். பெருக்கி முடித்துத் தண்ணீர் கேட்டாள். வெளித்திண்ணைப் பிறையில் அவளுக்கென ஓர் அலுமினியக் குவளை இருந்தது. அதிலே நீர் மொண்டு வந்து, அவள் குனிந்து ஏந்திய கைகளில் என் அன்னையார் உயரத்திலிருந்து ஊற்றினார். குவளை அவள் கையிற் படவில்லை. அவளுக்கென்று வைத்த குவளையே அவள் கையிற் படவில்லை! நான் வாயிலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மெய்யாகவே ஒன்றும் தோன்றவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் கண்ணீர் விட்ட அதே கண்கள்தாம் அவை.

‘சிற்றன்னை’ என்று அழைத்தோமே, ‘போன்ற’ என்னும் சொல்லைக் கூட விட்டுவிட்டு அழைத்தோமே. அந்த வளர்ப்புத் தாய் எவ்வளவோ நேர்மையானவள்!

அப்படத்தின் முடிவைக் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். வளர்ப்புத் தாய் மாடிப்படியில் விழுந்து குருதி இழந்து கிடக்கிறாள். சுஜாதாவின் குருதி மட்டுமே அவளுக்குப் பொருந்துகிறது. அதைக் கொடுத்து உயிர் காத்த பின்னரே ‘போன்ற’ நீங்கி ‘மகள்’ ஆகிறாள். அன்று இது எனக்கு இனித்தது. இன்று கசக்கிறது. குருதி பொருந்தாமற் போயிருந்தால்? சிலரின் குருதி பொருந்தும், மற்றவர் குருதி பொருந்தாது. அவர்களெல்லாம் ‘போன்றவர்’களாகவே இருந்து மடியவேண்டியதுதானா? தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. சட்டம் எவரிடமும் குருதிச் சோதனை கேட்கவில்லை. ஆனந்தரும் கேட்கவில்லை, அவர் கொடுக்க வந்தவராகக் கூட நிற்கவில்லை, கேட்க வந்தவராக நின்றார். விமல்ராய் நல்ல நெஞ்சினர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பார்ப்பவர்கள் மனமிளகி வீடு செல்லவேண்டும் என்று அவர் விரும்பியிருப்பார். நானும் மனமிளகித்தான் வீடு சென்றேன்.

ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புத்தகோஷர், நம் காஞ்சியிலும் தங்கியிருந்த பெரியவர், தம் ‘விசுத்தி மக்க’த்தில் ஒவ்வொரு நற்பண்புக்கும் இருவகைப் பகை உண்டு என்கிறார். ஒன்று மலைக்காட்டில் மறைந்திருக்கும் பகைவனைப் போன்றது. மற்றொன்று நம் பக்கத்திலேயே திரியும் பகைவனைப் போன்றது. கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. அதை எவரும் அடையாளம் காண்பர். அண்மைப் பகை எது? துயரம்! நமக்கு உற்ற இழப்பை எண்ணி உருகுகிற இல்வாழ்வார் துயரம். அது கருணையின் சட்டையை உடுத்தியே வரும். இந்த இடத்தைப் படித்தபோதுதான், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நான் அழுதது யாருக்காக என்று தெரிந்தது. சுஜாதாவுக்காக அன்று, எனக்காகவே அழுதேன். ஆகவேதான் மாசியின் கைகள் என் கண்ணிற் படவில்லை.

நடிகர்களின் உருவப் பலகைக்குப் பாலபிஷேகம் செய்யும் பித்தைப் பற்றியும், அவர்கள் பொருட்டு அடித்துக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றியும் இங்கே எழுதப் போவதில்லை. அது தூரத்துப் பகை. அதைக் கண்டிக்கப் பலர் இருக்கிறார்கள். நல்ல படம் பார்த்து நன்கு அழுகிறவனுக்கு வரும் கேட்டைப் பற்றியே எனக்குக் கவலை.

மூன்றாம் படம் ஜப்பானியப் படம். அகிரா குரோசவா 1998 செப்டம்பரில் காலமானார். அவர் நினைவாக, ஒரு தொழிற்சங்க அலுவலகத்து மாடியில் அன்பர் சிலர் அவருடைய ‘இகிரு’ என்னும் படத்தைக் காட்டினர். 1952இல் வந்தது, ‘வாழ்தல்’ என்பது அப்பெயரின் பொருள். என்னோடு பணிபுரிந்த இரத்தினகிரிக்காரர் ஒருவர் வலிந்து அழைத்துச் சென்றார். பகல் ஷிப்டு முடித்து, தலைமயிரில் பஞ்சுத் தூசியோடு போய் உட்கார்ந்தேன். திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துக்களை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பாதி ஓடிவிடும். மீதியை அவர் காதில் சொன்னார்.

வதனபே என்பவர் நகராட்சியில் ஒரு பிரிவுத் தலைவர். ஏறத்தாழ முப்பது ஆண்டு நாள் தவறாமல் வந்து, காகிதங்களில் முத்திரை குத்தியதைத் தவிர ஒன்றும் செய்யாதவர். வயிற்றில் புற்றுநோய், சில திங்களே உயிர் வாழ்வார். சாக்கடை நீர் தேங்கும் ஓரிடத்தைத் தூர்த்துக் குழந்தைகளுக்கு விளையாட்டிடம் அமைக்க வேண்டும் என்று ஏழைப் பெண்கள் கொடுத்த மனுவை, ஒவ்வோர் அலுவலகமும் அடுத்ததற்குத் தள்ளிவிட்டிருக்கிறது. அவருடைய பிரிவும் அவ்வாறே தள்ளியதுதான். அந்த மனுவை அவர் இப்போது கையில் எடுக்கிறார். படத்தின் பாதியிலேயே அவர் இறந்துவிடுகிறார்! பிற்பகுதி முழுதும் அவருடைய இழவு வீட்டில் நடக்கிறது. உடன் பணிபுரிந்தவர்கள் மது அருந்திக்கொண்டே அவரைப் பற்றி வாதிடுகிறார்கள். அவர் வாயில் வாயிலாக ஏறி இறங்கி, அவமானப்பட்டு, அந்தப் பூங்காவை அமைத்த கதை சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. பனி பொழியும் இரவில், தாம் அமைத்த பூங்காவின் ஊஞ்சலில் அமர்ந்து பாடிக்கொண்டே இறந்தார் என்பது தெரிகிறது. அலுவலர்கள் கதறுகிறார்கள். இனி நாமும் அவரைப்போல் உழைப்போம் என்று ஆணையிடுகிறார்கள்.

அடுத்த காட்சி அலுவலகம். ஒரு புதிய மனு வருகிறது. இது எங்கள் பிரிவைச் சார்ந்ததன்று, அடுத்ததற்குப் போங்கள் என்கிறார்கள். ஒரே ஓர் இளைஞன் மட்டும் வெகுண்டு எழுந்து நிற்கிறான். எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். அவன் மெல்ல உட்கார்ந்து, காகிதக் குவியலுக்குப் பின்னே மறைந்துபோகிறான்.

நான் அழவில்லை. உடல் வியர்த்தது. இழவு வீட்டில் அழுத அந்த அலுவலர்களிடையே பல் துலக்கும் குச்சியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் வேறொரு கண்ணீரும் இருந்தது. மனுக் கொடுத்த அப்பெண்கள் வந்து, எவரோடும் பேசாமல், படத்தின் முன் அழுதுவிட்டுச் சென்றார்கள். அவர்கள் ஆணை ஒன்றும் இடவில்லை. அவர்கள் குழந்தைகள் அந்தப் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

தாதியம்மைக்கு என் விடை இதுதான். ஏழாம் சீலம் எனக்கும் பொருந்தும். உபோசத நாளில் நான் எப்படத்தையும் பார்ப்பதில்லை. மற்ற நாட்களில் பார்த்தவற்றைக் கூட்டத்தில் பேசுவது, பிறரைப் படம் பார்க்கத் தூண்டுவதற்காகவும் அன்று. வாங்கிய கடனை நாலு பேர் அறியச் சொல்லிவிட்டால் மறுக்க முடியாது என்னும் எண்ணத்தால் சொல்லுகிறேன். அதிலே கொஞ்சம் கதை சொல்லும் ஆசையும் கலந்திருக்கிறது என்று அவர் கூறினால் அதையும் மறுக்கமாட்டேன். தாலபுடனின் வரலாற்றை நான் முழுவதும் கடந்துவிட்டதாக அவர் எண்ண வேண்டா.

கடன் என்றதனால் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அந்தப் படம் பார்த்துவிட்டு வீடு சேர இரவு பதினொன்றாயிற்று. அன்னையார் உறங்கிக்கொண்டிருந்தார். திண்ணைப் பிறையில் அலுமினியக் குவளை இருந்தது. பதினொரு ஆண்டுகளில் அது நெளிந்து கறுத்திருந்தது. அதை உள்ளே கொண்டுவந்து துலக்கி, எங்கள் எவர்சில்வர்க் குவளைகளோடு அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். மாசி இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுடைய மருமகள்தான் சந்தைப் பெருக்க வந்துகொண்டிருந்தாள்.

காலையில் அன்னையார் அடுக்கைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார். அந்தப் பெண் பெருக்கி முடித்துத் தண்ணீர் கேட்டாள். எவர்சில்வர்க் குவளை ஒன்றில் நீர் நிரப்பி எடுத்துச் சென்று அவளிடம் நீட்டினேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் மாமியார் நின்ற அதே இடத்தில் நின்று, குனிந்து இரு கைகளையும் ஏந்தினாள். நான் குவளையைப் பிடித்தபடியே நின்றேன். நீர் ஏன் விழவில்லை என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.